உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடும் முழங்கால்

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்கள் மூன்று பேரையும் போன வாரம் பார்த்தேன். ஆளுக்கொரு நோட்டு, அதில் கலர் கலராகக் கோடு. எந்த மனுவுக்கு எந்தப் படிவம், எந்தத் தாளை எங்கே ஸ்கேன் செய்து ஏற்ற வேண்டும் என்றெல்லாம் அழகாக எழுதி வைத்திருக்கிறீர்கள். பார்க்கச் சந்தோஷமாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது. என் நோட்டும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது, அதை வைத்துக்கொண்டு நான் செய்த அசட்டுத்தனங்கள் கொஞ்சநஞ்சமல்ல. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்துக்கு ஒரு நாள் உங்கள் டீயைக் குடிக்க வருகிறவள் என்ற உரிமையில் இரண்டு மூன்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில் நம் அலுவலகத்தைப் பற்றி. ராணுவத்தில் அடிபட்டு மூட்டு போனவர்களுக்கு ஊன ஓய்வூதிய மனு எழுதிக் கொடுப்பது நம் வேலை. முழங்கால், இடுப்பு, தோள். அப்படிப்பட்ட அலுவலகத்தைப் பாலக்கரையில் ஒரு பாத்திரக் கடைக்கு மேலே, செங்குத்தான மாடிப்படிக்கு மேல் வைத்த புண்ணியவான் யார் என்று முப்பது வருடம் தேடினேன், அகப்படவில்லை. ஏற முடியாதவர்கள் கீழே நின்று குரல் கொடுப்பார்கள், நாம் இறங்கிப் போவோம். பாத்திரக் கடைக்காரர் ஸ்டூல் போடுவார். என் மனுக்களில் பாதி குக்கர்களுக்கு நடுவில் எழுதப்பட்டவை.

மனு என்று ஒன்று போனால் மெடிக்கல் போர்டு என்று ஒன்று கூப்பிடும். ராணுவ டாக்டர்கள் உட்கார்ந்து ஆளைப் பரிசோதித்து, இந்த ஊனம் வேலையினால் வந்ததா, எவ்வளவு ஊனம் என்று எழுதுவார்கள். நாம் எவ்வளவு உருகி எழுதினாலும் அந்த அறைக்குள் நடக்கிற பத்து நிமிடம்தான் கணக்கு. அந்தப் பத்து நிமிடத்தை நானே கெடுத்த கதை முதலில்.

எடமலைப்பட்டி புதூரிலிருந்து ஒரு முன்னாள் டிரைவர் வந்தார். மலைப்பாதையில் வண்டி கவிழ்ந்து இடது முழங்கால் நசுங்கியிருந்தது. நிஜமான அடி, நிஜமான வலி. ஆனால் மனிதர் நல்ல உயரம், நல்ல உடம்பு, முறுக்கிய மீசை. பார்த்தால் பஸ்ஸையே தூக்கிவிடுவார் போல இருப்பார். இவரைப் பார்த்து எந்த டாக்டருக்கு இரக்கம் வரும் என்று எனக்குக் கவலை வந்துவிட்டது. கடைத்தெருவுக்குப் போய் ஒரு கைத்தடி வாங்கி வந்து கையில் கொடுத்தேன். "இதை ஊனிக்கிட்டுப் போங்க" என்றேன். அவர் தயங்கினார். "எனக்கு இதெல்லாம் பழக்கம் இல்லீங்க மேடம்" என்றார். "ஒரு நாளைக்குத்தானே" என்று அனுப்பி வைத்தேன்.

போர்டில் இருந்த டாக்டர் அவர் காலைப் பார்ப்பதற்கு முன்னால் கைத்தடியை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாராம். அடியில் ரப்பர் பளபளவென்று இருந்தது. ஒரு தேய்மானம் இல்லை. அதோடு முடிந்தது. அதற்கப்புறம் அந்த மனிதர் என்ன சொன்னாலும் அது நடிப்பாகத்தான் அவர்கள் காதில் விழுந்தது. ஊனம் மிகக் குறைவு என்று எழுதிவிட்டார்கள். அதைச் சரிசெய்ய எனக்கு இரண்டு வருடம் ஆனது. அந்த இரண்டு வருடமும் அவர் என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. கைத்தடியை மட்டும் திருப்பிக் கொடுத்து, "நீங்களே வச்சுக்குங்க மேடம், வயசான காலத்துல உதவும்" என்றார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. இல்லாததைச் சேர்த்தால் இருப்பதையும் நம்பமாட்டார்கள். நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள், கலர் உங்கள் இஷ்டம்.

அந்தச் சூடு பட்ட பிறகு நான் கேள்வி கேட்கிற முறையை மாற்றிக்கொண்டேன். வலி எவ்வளவு என்று பட்டாளத்துக்காரரிடம் கேட்பது வீண். "பரவாயில்லீங்க" என்பார்கள். எதைச் செய்ய முடியவில்லை என்று கேட்க வேண்டும். நம் தெருவிலேயே இருந்த ஒரு பாய், தோளில் அடிபட்டவர், அரை மணி நேரம் என்னிடம் பரவாயில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். "தொழும்போது சிரமமா இருக்கா பாய்?" என்று கேட்டதும் வலது கையைத் தூக்கிக் காட்டினார். "ரெண்டு கையும் காது வரைக்கும் வரணும்மா. வலது கை நெஞ்சோட நின்னுடுது. அல்லாஹ் மன்னிப்பான்" என்றார். அதை அப்படியே எழுதி அனுப்பினேன். போர்டு அவர் கையை அதே அளவுக்குத் தூக்கிப் பார்த்து ஒத்துக்கொண்டது.

ஆகையால் எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஹவில்தார் கோவிந்தராஜ் வந்தார்.

ஸ்ரீரங்கத்துக்காரர். அம்மா மண்டபம் பக்கம் வீடு. மாடிப்படியில் ஏறிவரும் சத்தத்தை வைத்தே எந்தக் கால், எந்த மூட்டு என்று நான் சொல்லிவிடுவேன், அவ்வளவு வருட அனுபவம். இவர் ஏறி வந்த சத்தத்தில் ஒன்றும் தெரியவில்லை. டக், டக், டக் என்று ஒரே சீராக அணிவகுப்பு நடை. வேறு ஏதோ வேலையாக வந்தவர் என்று நினைத்தேன். உள்ளே வந்து விறைப்பாக நின்று, "முழங்கால் கேஸுங்க மேடம்" என்றார். நெற்றியெல்லாம் வியர்வை.

பனிமலைக் காவல் நிலை ஒன்றுக்கு முதுகில் மண்ணெண்ணெய் டின் சுமந்து ஏறும்போது வழுக்கி விழுந்து வலது முழங்காலில் ஜவ்வு கிழிந்திருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டு, ஸ்கேன், யூனிட் அறிக்கை எல்லாம் பத்திரமாக வைத்திருந்தார். இவ்வளவு இருந்தும் அவர் முன்பே போட்ட மனு எப்படித் தோற்றது என்று எனக்கு விளங்கவில்லை. பழைய போர்டின் குறிப்பை எடுத்துப் பார்த்தேன். முழங்கால் முழுமையாக மடங்குகிறது, குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழ முடிகிறது, வலி இல்லை என்று இருந்தது.

"குத்துக்கால் போட்டு உக்காந்தீங்களா?" என்றேன்.

"உக்காரச் சொன்னாரு மேடம்."

"வலிக்கலையா?"

"உயிரே போயிடுச்சு மேடம்."

"அப்ப வலிக்குதுன்னு சொல்ல வேண்டியதுதானே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "போர்டுல இருந்த கர்னல் சார் உக்காருன்னாரு. நான் எப்படி உக்கார மாட்டேன்னு சொல்றது?"

இதுதான் நம் தொழிலின் தலைவலி. மற்ற ஊர் உலகத்தில் ஆட்கள் இல்லாத வலியைச் சொல்லி லீவு கேட்பார்கள். நம்மிடம் வருகிறவர்களோ இருக்கிற வலியை மறைத்துத்தான் இருபது வருடம் வேலையே பார்த்திருக்கிறார்கள். மேலதிகாரி கேட்டால் "நல்லாருக்கேன் சார்" என்பது அவர்களுக்கு மூச்சு விடுவது மாதிரி. ஊனத்தை நிரூபிக்கப் போன இடத்திலும் நல்ல சிப்பாயாக நடந்துகொண்டு திரும்பி வந்துவிடுவார்கள்.

கோவிந்தராஜ் அப்போது துவாக்குடியில் ஒரு தொழிற்சாலை வாசலில் செக்யூரிட்டி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நாளெல்லாம் நிற்கிற வேலை. இப்படியே நின்றால் ஒன்றிரண்டு வருடத்தில் மூட்டு மொத்தமாகப் போய்விடும் என்று நம் ஊர் எலும்பு டாக்டர் சொல்லியிருந்தார். ஓய்வூதியம் கிடைத்தால் அந்த வேலையை விட்டுவிடலாம், கிடைக்காவிட்டால் நின்றுதான் ஆக வேண்டும். மேல்முறையீடு செய்தோம். மறுபரிசோதனைக்குச் சென்னைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. அவருக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

ஒரு வாரம் நம் அலுவலகத்தில் ஒத்திகை பார்த்தோம். சிரிக்காதீர்கள். நான் கர்னல். மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து குரலைக் கனமாக்கிக்கொண்டு, "ஹவில்தார், உட்காருங்க" என்பேன். நான் 'உட்' என்பதற்குள் மனிதர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார். முகம் வெளிறிப் போயிருக்கும். "வலிக்குதா?" என்றால், "இல்லை சார்" என்பார். அந்த 'சார்' எனக்குத்தான். வாரக் கடைசியில் அவரைக் காப்பாற்றுவதற்காக ஒத்திகையை நான்தான் நிறுத்தினேன். போர்டு பார்ப்பதற்குள் நானே அந்த மூட்டை முடித்துவிடுவேன் போலிருந்தது.

சென்னைக்கு நானும் உடன் போனேன். அவர் மனைவி பானுமதியும் வந்தார். நர்சரி பள்ளிக்கூடத்து டீச்சர், குரல் மட்டும் ஹெட்மாஸ்டர் மாதிரி. ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் விடியற்காலை ரயில். நடைமேடைக்குப் போக மேம்பாலம் ஏறி இறங்க வேண்டும். படிக்கட்டு வந்ததும் கோவிந்தராஜ், "நீங்க ரெண்டு பேரும் முன்னாடி போங்க, நான் தண்ணி பாட்டில் வாங்கிட்டு வரேன்" என்றார். பானுமதி பையைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டார். நான் பாலத்து மேலே போய்த் திரும்பிப் பார்த்தேன். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நின்று, மூச்சு வாங்கி, அடுத்த படிக்கு வந்துகொண்டிருந்தார். கையில் தண்ணீர் பாட்டில் எதுவும் இல்லை. என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து டக், டக் என்று ஏறி வந்தார். "கடை தொறக்கல மேடம்" என்றார்.

ரயில் போகும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்புதான். ஒரு பெண்பிள்ளை பார்க்கிறாள் என்றதுமே இந்த மனிதர் படியை ஓடி ஏறுகிறார். கர்னல் பார்த்தால் என்ன செய்வார்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஓர் ஆள் போயிருந்தார், அடுத்தது கோவிந்தராஜ். அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு சுவரோரமாக விறைத்து நின்றுவிட்டார். இன்னும் கூப்பிடவே இல்லை, அதற்குள் அணிவகுப்பு. பானுமதியிடம் மெதுவாக, "ஒரு வாரமா தலைபாடா அடிச்சுக்கிறேன், வலிச்சா சொல்லுங்கன்னு. கேக்க மாட்டேங்கிறாரே" என்றேன்.

"நீங்க சொன்னா அது யோசனை மேடம்" என்றார் பானுமதி. "நான் சொன்னா நச்சரிப்பு. மேல இருக்கறவங்க யாராவது சொன்னாதான் அவருக்கு உத்தரவு. உத்தரவா இருந்தா கேப்பார்."

நான் பானுமதியையே பார்த்துக்கொண்டிருந்தேன். முப்பது வருட அனுபவம், அது இது என்று பீற்றிக்கொள்கிறவள் நான். அந்த அம்மாள் ஒரே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்து இட்லியை எடுத்துக்கொண்டிருந்தார்.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். போர்டுக்கு உள்ளே துண்டுச்சீட்டு அனுப்புவது நல்ல பழக்கமல்ல. இந்த மேடம் ஆளைத் தயார் செய்து கூட்டி வந்திருக்கிறாள் என்று அவர்கள் நினைத்தால் போச்சு, கைத்தடி கதைதான் மறுபடியும். அந்த டிரைவருக்காவது திரும்ப ஒரு வழி இருந்தது. இவருக்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை. அனுப்பாவிட்டாலும் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். உட்காரச் சொல்வார்கள், உட்கார்ந்துவிடுவார், வீட்டுக்குப் போய்விடலாம். கூட்டிச் சொல்லாமல், குறைத்தும் சொல்லாமல், நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

"ஐயா, இவர் வலியைக் கூட்டிச் சொல்கிறவர் அல்ல, மறைக்கிறவர். இன்று காலை ரயில்வே மேம்பாலத்தில் ஒவ்வொரு படியாக நின்று ஏறினார். நான் பார்த்ததும் நடையை மாற்றிக்கொண்டார். நீங்கள் உட்காரச் சொன்னால் உட்கார்ந்துவிடுவார். வலித்தால் சொல்லும்படி அவருக்கு உத்தரவிட வேண்டுகிறேன்." கீழே என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பெயரில்லாமல் அனுப்பியிருந்தால் அது மொட்டைக் கடிதம். வாசலில் நின்ற ஆர்டர்லியிடம் ஃபைலோடு சேர்த்துக் கொடுத்தேன்.

கோவிந்தராஜ் உள்ளே போனார். கதவு மூடியது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது, மறுபடி திறந்தது. தலை நரைத்த ஒரு கர்னல் அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி வெளியே எட்டிப் பார்த்தார்.

"இதை எழுதினது யாரு?"

எழுந்து நின்றேன். "நான்தான் சார்."

"இவங்க?"

"அவர் மனைவிங்க சார்."

"ரெண்டு பேரும் உள்ள வாங்க."

முடிந்தது கதை என்றுதான் உள்ளே போனேன். கோவிந்தராஜ் மேஜைக்கு முன்னால் நின்றிருந்தார். என்னைப் பார்த்த பார்வையில், என்னையா மாட்டிவிட்டீர்கள் என்ற கேள்வி இருந்தது. கர்னல் நாற்காலியில் உட்கார்ந்தார். தாளை மறுபடியும் ஒரு முறை படித்தார். பிறகு குரலை உயர்த்தினார்.

"ஹவில்தார்!"

"சார்!"

"இது உத்தரவு. இந்த ரூம்ல நான் என்ன செய்யச் சொன்னாலும், வலிக்கிற இடத்துல நிறுத்தணும். வலிக்குதுன்னு சத்தமா சொல்லணும். மறைச்சீங்கன்னா உத்தரவை மீறினதா எடுத்துப்பேன். புரியுதா?"

"புரியுது சார்!"

"உட்காருங்க."

கோவிந்தராஜ் முழங்காலை மடக்க ஆரம்பித்தார். பாதிக்குக்கூடப் போகவில்லை. நின்றுவிட்டார். ஒத்திகையில் ஒரு வாரம் கெஞ்சியும் வராத வார்த்தை வந்தது.

"வலிக்குது சார்."

"எங்க?"

"வலது முட்டி சார். உள் பக்கம். இடுப்பும் வலிக்குது சார். ஆனா அது வயசுனால சார், அதை எழுத வேண்டாம்."

கர்னலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த இளம் டாக்டர் குனிந்து எழுதுவதுபோலச் சிரித்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டேன். உத்தரவு என்று ஆகிவிட்டதல்லவா, மனிதர் அதற்கப்புறம் ஒன்றையும் விடவில்லை. மதியத்துக்கு மேல் முட்டி வீங்கிப் பேண்ட் இறுகிவிடுவது, மாடிப்படியில் ஆள் வரும் சத்தம் கேட்டால் நின்று போன் பார்ப்பதுபோல நடிப்பது, கோயிலில் விழுந்து சேவிக்க முடியாமல் தூண் மறைவில் நின்று கைகூப்பிவிட்டு வந்துவிடுவது. எல்லாவற்றையும் கணீரென்று, ஒவ்வொன்றின் முடிவிலும் ஒரு 'சார்' போட்டு ஒப்பித்தார்.

"வேற?" என்றார் கர்னல்.

கோவிந்தராஜ் முதல் முறையாகத் தயங்கினார். ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார்.

"உத்தரவு, ஹவில்தார்."

"மலைக்கோட்டை சார். என் வீட்டுக்காரங்க மாசாமாசம் உச்சிப் பிள்ளையாரைப் பார்க்கப் போவாங்க. என்னையும் கூப்பிடுவாங்க. படி ஏற முடியாது சார். கோயிலுக்கெல்லாம் எனக்கு மனசு ஓடல, நீ போயிட்டு வா, நான் கீழ செருப்பைப் பார்த்துக்கறேன்னு சொல்லிடுவேன்."

நான் பானுமதியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கையிலிருந்த டிபன் டப்பாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கர்னல் எழுந்து வந்து, தானே குனிந்து அந்த முழங்காலைப் பிடித்துப் பார்த்தார். மடக்கினார், அளந்தார், பழைய ஸ்கேனை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, இருந்ததை எழுதினார். சில மாதம் கழித்து மனு ஏற்கப்பட்டதாகக் கடிதம் வந்தது. கோவிந்தராஜ் துவாக்குடி வேலையை அன்றைக்கே விட்டுவிட்டார். இப்போது ஒரு புத்தகக் கடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பில் போடுகிறார்.

என் நோட்டில் இந்தக் கேஸுக்குக் கீழே ஒரு வரிதான் இருக்கிறது: ஆளை நன்றாகத் தெரிந்தவர்களிடம் முதலிலேயே கேள். ஒரு வாரம் கர்னல் வேஷம் போட்ட நேரத்தில் பானுமதியிடம் ஐந்து நிமிடம் பேசியிருக்கலாம். நீங்கள் அதையாவது செய்யுங்கள்.

ஆனால் மனு ஏற்கப்பட்ட கடிதத்தைவிட எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது, அன்றைக்கு அந்த அறையை விட்டு வெளியே வந்த பிறகு நடந்தது. வராந்தா முழுக்க பானுமதி திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கோவிந்தராஜ் பின்னாலேயே வந்தார், தப்புப் பண்ணின பையன் மாதிரி. கடைசியில் படிக்கட்டு வந்தது. நாலே நாலு படி. பானுமதி அங்கே நின்று திரும்பினார்.

"முட்டி வலின்னு தெரியும், படியே ஏற முடியாதுன்னு யாருக்குத் தெரியும்? பதினோரு வருஷமா, இந்த மனுஷனுக்கு சாமியும் வேண்டாம், என்கூட வரவும் பிடிக்கலன்னு நெனச்சு ஒவ்வொரு தடவையும் அந்தப் படியில அழுதுக்கிட்டே ஏறியிருக்கேன். என்கிட்ட சொல்றதுக்கும் ஒரு கர்னல் வந்து உத்தரவு போடணுமா?"

கோவிந்தராஜ் முதல் படியில் வலது காலை வைத்தார், விறைப்பாக. பிறகு அந்தக் காலை எடுத்துவிட்டார். மனைவியின் தோளில் கையை வைத்துக்கொண்டார்.

"வலிக்குது பானு" என்றார்.